229 முதல் 511 வரை: ஒரு மனித நொதியின் பகுதியைப் படிகமாக்குவது பற்றி

புரதப் படிகங்களைப் பற்றிப் பொது வாசகர்களுக்காக எழுதப்படும் கட்டுரைகளில் தவறாமல் ஒரு படம் இருக்கும். ஒரு சிறு துளிக்குள், கூர்மையான விளிம்புகளோடு, வண்ண ஒளியில் மின்னும் படிகம். என்னை இந்தத் துறைக்குள் இழுத்ததும் அத்தகைய ஒரு படம்தான் என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு அதிக உரிமை இல்லை. ஆனாலும் கைனேஸ் வகை நொதிகளோடு பல ஆண்டுகள் வேலை செய்த பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்ல முடிகிறது: படிகம் வளருமா வளராதா என்பதில் பெரும்பகுதி அந்தத் துளிக்கு மாதக்கணக்கில் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. கணினித் திரையில் ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையை விரித்து வைத்துக்கொண்டு, இந்த எண்ணில் தொடங்குவோம், அந்த எண்ணில் நிறுத்துவோம் என்று முடிவெடுக்கும் நேரம்தான் அது. படம் எடுக்க அங்கே எதுவும் இல்லாததால் அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஏபிஎல் என்ற மனித நொதியை எடுத்துக்கொண்டு அந்த முடிவைப் பற்றியே எழுதலாம் என்று நினைக்கிறேன். நான் நேரடியாகக் கையாண்டு பழகிய புரதம் என்பது ஒரு காரணம். எங்கே வெட்டுவது என்ற கேள்வி இவ்வளவு தூரம் பின்தொடர்ந்து வந்த நொதி எனக்குத் தெரிந்து வேறில்லை என்பது இன்னொரு காரணம்.

நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் உயிரணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோம் இருப்பதை 1960ஆம் ஆண்டில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகிய இருவரும் பிலடெல்பியாவில் கண்டறிந்தனர். அது குட்டையானதற்குக் காரணம் இழப்பு அல்ல, 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் ஒன்றுக்கொன்று துண்டுகளை மாற்றிக்கொண்டதுதான் என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த மாற்றத்தில் 9ஆம் குரோமோசோமில் இருந்த ஏபிஎல் மரபணு, 22ஆம் குரோமோசோமில் இருந்த பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. ஏபிஎல் ஒரு டைரோசின் கைனேஸ். உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து மற்றப் புரதங்களில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீது பொருத்துவது அதன் தொழில். இயல்பான உயிரணுவில் அந்தத் தொழில் பெரும்பாலான நேரம் அடக்கி வைக்கப்பட்டிருக்கும். பிசிஆரோடு ஒட்டிய பிறகு அது அடங்குவதில்லை. வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. இவ்வளவு தெரிந்ததும் அந்த நொதியின் வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழுந்தது இயல்பே.

ஏபிஎல் புரதம் சிறியதல்ல. அதன் ஒரு வடிவத்தில் 1130 அமினோ அமிலங்கள் உள்ளன. சங்கிலியின் தொடக்கத்தில் ஒழுங்கற்ற ஒரு முனைப்பகுதி. அதை அடுத்து எஸ்எச்3, எஸ்எச்2 என்ற இரண்டு சிறிய டொமைன்கள். பிறகு வேதிவினையைச் செய்கிற கைனேஸ் டொமைன். அதற்குப் பின்னால் அறுநூறு அமினோ அமிலங்களுக்கு மேல் நீளும் வால். டொமைன் என்பது சங்கிலியின் மற்றப் பகுதிகளின் துணையின்றித் தனியாகவே மடிந்து நிலையான உருவம் பெறக்கூடிய ஒரு பகுதி. அந்த நீண்ட வாலின் பெரும்பகுதிக்கு அத்தகைய நிலையான உருவம் கிடையாது. கரைசலில் அது ஒவ்வொரு கணமும் வேறு வேறு விதமாக நெளிந்துகொண்டிருக்கும். படிகம் என்பதோ கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே உருவில், ஒரே திசையில், ஒன்றையொன்று அதே இடத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும் அடுக்கு. கூரையில் ஓடு வேய்கிறவரிடம் ஒவ்வோர் ஓட்டிலும் ஒரு முழக் கயிறு தொங்கவிட்டுக் கொடுத்தால் அவர் என்ன செய்வாரோ, அதைத்தான் படிகமும் செய்யும்: வேலையைத் தொடங்காது. எனவே முழுப் புரதத்தை அப்படியே படிகமாக்கும் ஆசையை விட்டுவிட்டு, வினையைச் செய்கிற டொமைனை மட்டும் வெட்டி எடுப்பது வழக்கமாயிற்று.

எங்கே வெட்டுவது என்பதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு. உறவுள்ள நொதிகளின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்து, ஒற்றுமை தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறித்துக்கொள்வது ஒன்று. மற்றது புரதத்தையே கேட்பது: சற்றுப் பெரிதாக வெட்டிய துண்டைத் தயாரித்து, டிரிப்சின் போன்ற செரிமான நொதியை மிகக் குறைந்த அளவில் சேர்த்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிறிதளவு எடுத்து, துண்டுகளை அளவின்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பது. ஒழுங்கற்றுத் தொங்கும் பகுதிகள் முதலில் கடிபடும்; இறுக்கமாக மடிந்த பகுதி எஞ்சி நிற்கும். எஞ்சியதன் நிறையை நிறைமாலைமானியில் அளந்தால், சங்கிலி எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை மிஞ்சியது என்று கணக்கிட்டுவிடலாம். இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு பிற்பகல் நேரம், சில மைக்ரோகிராம் புரதம், ஒரு ஜெல். இவ்வளவு மலிவாக இவ்வளவு பயனுள்ள பதிலைத் தரும் சோதனைகள் உயிர்வேதியியலில் குறைவு. இன்றைய மாணவர்கள் பலர் அதைச் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஏபிஎல் கைனேஸ் டொமைனுக்கு ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் பயன்படும் ஒரு துண்டு 229இல் தொடங்கி 511இல் முடிகிறது. 283 அமினோ அமிலங்கள். முழுப் புரதத்தின் கால் பங்கு. ஏடிபியைத் தழுவி நிற்கும் கிளைசின் நிறைந்த வளையம் 248ஆம் எண்ணருகே தொடங்குகிறது. அப்படியென்றால் 240இல் தொடங்கினால் போதாதா என்று தோன்றும். போதாது. கைனேஸ் டொமைன் சிறிய மேல்மடல், பெரிய கீழ்மடல் என இரண்டு மடல்களாக மடிந்தது; மேல்மடலில் முதல் பீட்டா இழைக்கு முன்னால் வரும் சில அமினோ அமிலங்கள் மடலின் முதுகோடு ஒட்டிக் கிடந்து அதற்கு உறுதி தருகின்றன. அவற்றை நறுக்கினால் நொதி கரைசலில் நிற்காமல் திரண்டு வீழ்படியக்கூடும். மறுபக்கம், தேவைக்கு மேல் பத்துப் பதினைந்து அமினோ அமிலங்களை விட்டுவைத்தால் புரதம் நன்றாகவே கரையும், நன்றாகவே வினை செய்யும், படிகம் மட்டும் தராது. இந்த ஊசலாட்டத்தை முன்கூட்டியே சரியாகக் கணிக்கும் சூத்திரம் இல்லை. அதனால்தான் ஆக்ஸ்போர்டிலும் டொராண்டோவிலும் செயல்பட்ட கட்டமைப்பு மரபணுவியல் கூட்டமைப்பு போன்ற பெரிய திட்டங்கள், ஒரே டொமைனுக்குத் தொடக்கத்தில் சில இடங்கள், முடிவில் சில இடங்கள் என்று மாற்றி மாற்றிப் பல துண்டுகளை ஒரே நேரத்தில் தயாரிக்கும் முறையை வழக்கமாக்கின. ஒரே துண்டை வைத்துக்கொண்டு ஆயிரம் கரைசல்களில் முயல்வதைவிடப் பத்துத் துண்டுகளை நூறு கரைசல்களில் முயல்வதே பயன் தரும் என்பது என் அனுபவமும்கூட.

எண்களைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. உயிரணுவில் ஏபிஎல் இரண்டு வடிவங்களில் உருவாகிறது. இரண்டாவது வடிவம் தொடக்கத்தில் 19 அமினோ அமிலங்கள் நீளமானது. எனவே ஒரு கட்டுரையில் 315 என்று குறிப்பிடப்படும் திரியோனின் என்ற அதே அமினோ அமிலம் இன்னொரு கட்டுரையில் 334 என்று வரும். மருத்துவர்கள் எப்போதும் குட்டை வடிவத்தின் எண்களையே பயன்படுத்துகிறார்கள். கட்டமைப்பியலாளர்கள் இரண்டையும் பயன்படுத்திக் குழப்புகிறார்கள். இங்கே நான் மருத்துவர்களின் எண்ணையே பின்பற்றுகிறேன். அந்த 19இன் வேறுபாடு எண் கணக்கோடு முடிந்துவிடவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

துண்டைத் தேர்ந்தெடுத்தாயிற்று, அதைத் தயாரிக்க வேண்டும். படிகமாக்கலுக்குத் தேவையான மில்லிகிராம் கணக்கிலான புரதத்தை மலிவாகத் தருவது ஈ. கோலை பாக்டீரியா. ஆனால் டைரோசின் கைனேஸ்களை அதில் தயாரிப்பது நீண்ட காலம் பெரும் தொல்லையாக இருந்தது. ஈ. கோலையில் டைரோசின் மீது பாஸ்பேட் ஏற்றும் வேலை மிகக் குறைவு; அதற்குள் ஒரு மனித டைரோசின் கைனேஸ் செயல்படத் தொடங்கினால், கண்ணில் பட்ட புரதங்களுக்கெல்லாம் பாஸ்பேட் ஏற்றி அந்த உயிரணுவையே நலிவடையச் செய்துவிடும். எஞ்சும் கைனேஸும் கரையாத திரள்களாகக் கிடக்கும். எனவே ஆரம்பக் கட்டமைப்புகளுக்கு வேண்டிய ஏபிஎல், பாகுலோவைரஸ் தொற்றிய பூச்சி உயிரணுக்களில் தயாரிக்கப்பட்டது. அது செலவு மிகுந்த, பொறுமையைச் சோதிக்கிற வழி.

2005ஆம் ஆண்டில் கட்டமைப்பியலாளர் ஜான் குரியனின் ஆய்வுக்குழுவிலிருந்து வெளிவந்த ஒரு கட்டுரை இந்தத் தொல்லையைத் தீர்த்தது. பாக்டீரியாவில் கைனேஸோடு சேர்த்து, பாஸ்பேட்டை நீக்கும் ஒரு நொதியையும் தயாரித்துவிட வேண்டும் என்பதே அந்தத் தீர்வு. அவர்கள் தேர்ந்தெடுத்தது யோப்எச் என்ற நொதியை. பிளேக் நோயை உண்டாக்கும் கிருமியை உள்ளடக்கிய யெர்சினியா இனத்து பாக்டீரியாக்கள், மனித உயிரணுக்களின் தற்காப்புச் சமிக்ஞைகளை அழிப்பதற்கு வைத்திருக்கும் ஆயுதம் அது. கைனேஸ் ஒரு பாஸ்பேட்டை ஏற்ற, யோப்எச் அதை உடனே இறக்கிவிடும், பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். இதில் இரண்டாவது நன்மை ஒன்று உண்டு. படிகவியலாளனாக நான் அதையே பெரிதாக மதிப்பேன். கைனேஸ்கள் தங்களுக்கும் தாங்களே பாஸ்பேட் ஏற்றிக்கொள்ளும். ஒரு கரைசலில் பாஸ்பேட் இல்லாத மூலக்கூறு, ஒன்று உள்ளது, இரண்டு உள்ளது, வெவ்வேறு இடங்களில் உள்ளது என்று கலவையாக இருந்தால் அது வேதியியல் கணக்கில் தூய்மையான புரதமாக இருக்கலாம். படிகத்தின் கணக்கில் அது கூட்டம். நிறைமாலைமானியில் 80 டால்டன் (ஒரு பாஸ்பேட் கூட்டும் நிறை) இடைவெளிகளில் நிற்கும் சிகரங்களாக அந்தக் கலவையைப் பார்க்கலாம். யோப்எச் கூட இருந்தால் ஒரே சிகரம் நிற்கும். பாக்டீரியாவை 37 பாகையில் வளர்த்து, பிறகு 18 பாகைக்குக் குளிர்வித்து, இரவு முழுவதும் மெதுவாகப் புரதத்தைத் தயாரிக்க விடுவது வேறொரு நோக்கத்துக்காக: மடிவதற்கு நேரம் கொடுப்பது.

தூய்மைப்படுத்தும் படிகளை நீட்டி எழுத வேண்டியதில்லை. எல்லாப் புரதங்களுக்கும் பொதுவான வரிசைதான். துண்டின் முனையில் சேர்த்த ஆறு ஹிஸ்டிடின்கள் நிக்கல் பிசினில் ஒட்டும். இமிடசோல் ஊற்றினால் விடுபடும். அந்த ஹிஸ்டிடின் வாலை டெவ் புரோட்டியேஸ் வெட்டி நீக்கும். அயனிப் பரிமாற்றமும் மூலக்கூறு அளவின்படி பிரிக்கும் கடைசிக் குழாயும் மிச்ச அழுக்கைக் களையும். குளிர் அறையில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் அவர்கள் இந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம். கடைசியில் புரதத்தை மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவுக்குச் செறிவாக்குகிறோம். அதற்கு முன் மருந்து மூலக்கூற்றைச் சேர்த்துவிடுவது நல்லது. கைனேஸின் இரண்டு மடல்களும் ஒன்றையொன்று நோக்கித் திறந்து மூடிக்கொண்டிருப்பவை. இடையில் இறுக்கமாக ஒட்டும் மூலக்கூறு ஒன்று புகுந்தால் அந்த அசைவு அடங்குகிறது, புரதம் தாங்கும் வெப்பநிலையும் சில பாகைகள் உயர்கிறது. மருந்து எங்கே ஒட்டுகிறது என்று பார்ப்பதற்காகப் படிகம் வளர்க்கிறோம் என்றுதான் வெளியே சொல்கிறோம். மருந்து இருப்பதால்தான் பல நேரங்களில் படிகமே வளர்கிறது.

இனி அந்தத் துளி. புரதக் கரைசலும் வீழ்படிவாக்கும் கரைசலும் சம அளவில் கலந்த ஒரு துளி, மூடிய ஒரு சிறு அறையில், வீழ்படிவாக்கும் கரைசலின் பெரிய தேக்கத்துக்கு அருகே வைக்கப்படுகிறது. துளியில் உப்பும் பாலிஎத்திலீன் கிளைக்காலும் பாதி அளவே இருப்பதால், நீர் ஆவியாகித் தேக்கத்தை நோக்கிப் போகிறது; துளி மெல்லச் சுருங்கி, புரதம் தன் கரைதிறனின் எல்லையைக் கடக்கிறது. வேகமாகக் கடந்தால் பழுப்புக் கசடு. மெல்லக் கடந்தால், சில வேளைகளில், படிகம். எந்த உப்பு, எந்தப் பி.எச்., எவ்வளவு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. முன்பு வெற்றி கண்ட கரைசல்களிலிருந்து ஐம்பதைத் தேர்ந்தெடுத்துச் சிதறலாகச் சோதிக்கும் முறையை 1991இல் ஜன்காரிக், சுங்-ஹூ கிம் இருவரும் வெளியிட்டார்கள்; இன்று கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டிகள் எல்லாம் அந்த வழிவந்தவை. இயந்திரக் கைகள் ஒரு துளிக்கு நூறு நானோலிட்டர் புரதத்தை வைத்து, ஒரே தட்டில் 96 கரைசல்களைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடுகின்றன.

இந்தத் தட்டுகளை நுண்ணோக்கியில் பார்ப்பவர்களுக்கு ஒரு விதி பழகிவிடும்: முதல் வாரத்திலேயே தோன்றும் மிக அழகான படிகம் பெரும்பாலும் உப்பு. பாஸ்பேட் பஃபரில் வைத்த புரதம், மக்னீசியமோ கால்சியமோ உள்ள கரைசலைச் சந்தித்தால் உப்புப் படிகம் வளர்வது கிட்டத்தட்ட உறுதி. அதனாலேயே கடைசிப் பஃபரில் பாஸ்பேட்டைத் தவிர்க்கிறோம். சந்தேகம் வந்தால் ஊசியால் அழுத்திப் பார்ப்பது பழைய முறை. உப்பு நறுக்கென்று உடையும். புரதப் படிகம் மென்மையாக நொறுங்கும், ஏனெனில் அதன் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதி தண்ணீர்தான். 1968இல் மாத்யூஸ் தொகுத்த கணக்கின்படி புரதப் படிகங்களில் கரைப்பானின் பங்கு 27 விழுக்காட்டிலிருந்து 65 விழுக்காடு வரை இருந்தது. படிகத்தைப் பலி கொடுக்க மனமில்லாதவர்கள் புற ஊதா ஒளியில் டிரிப்டோபன் ஒளிர்கிறதா என்று பார்க்கிறார்கள்.

ஒரு நல்ல அறிகுறி கிடைத்த பிறகு வேலை நுணுக்கமாகிறது. படிகக் கரு தோன்றுவதற்குத் தேவைப்படும் செறிவு அதிகம்; தோன்றிய கரு ஒழுங்காக வளர்வதற்குத் தேவைப்படும் செறிவு குறைவு. இரண்டையும் ஒரே துளியில் எதிர்பார்ப்பதால்தான் ஆயிரம் சிறு ஊசிகள் ஒரு கொத்தாக முளைக்கின்றன. அந்த ஊசிகளை நசுக்கி, பலமுறை நீர்த்து, கரு தானாகத் தோன்ற முடியாத அளவு செறிவு குறைந்த புதிய துளியில் விதையாக இட்டால், சில படிகங்கள் மட்டும் பெரிதாக வளரும். விதையைத் துளியில் கோடாக இழுப்பதற்குப் பூனையின் மீசை முடியைப் பயன்படுத்துவது இத்துறையின் பழைய வழக்கம். அளவான வளைவும் மேற்பரப்பில் நுண்ணிய செதில்களும் உள்ள அந்த முடிக்கு ஈடான செயற்கை இழை அரிது என்று மூத்தவர்கள் இன்றும் வாதிடுவார்கள். நான் பூனை வளர்ப்பதில்லை. எனக்கு நைலான் போதுமானதாக இருந்தது.

வளர்ந்த படிகத்தை முடியிழை போன்ற ஒரு கண்ணியில் தூக்கி, கிளிசரால் கலந்த கரைசலில் முக்கி, திரவ நைட்ரஜனில் அமிழ்த்துகிறோம். கிளிசரால் இல்லாவிட்டால் படிகத்துக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி அடுக்கைக் கிழித்துவிடும். நூறு கெல்வினில் வைத்தால்தான் எக்ஸ் கதிரின் சேதத்தைப் படிகம் ஓரளவு தாங்கும். ஆய்வுக்கூடத்துக் கருவியிலேயே சோதித்துப் பார்க்கலாம் என்றாலும், நல்ல தரவுக்கு, மிக வலிமையான எக்ஸ் கதிரை உண்டாக்கும் சிங்க்ரோட்ரான் என்ற பெரிய வளைய இயந்திரம் வேண்டும். இந்தியாவில் அதற்கு இந்தூரில் உள்ள இண்டஸ்-2இல் புரதப் படிகவியலுக்கென ஒரு கதிர்நிலையம் உண்டு. நம் நாட்டு ஆய்வாளர்கள் பலர் பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ஐரோப்பிய சிங்க்ரோட்ரானையும் இத்தாலியின் திரியெஸ்தே நகரத்து எலெட்ராவையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மாதக்கணக்கில் வளர்த்த படிகத்தின் தரவை அங்கே சில நிமிடங்களில் எடுத்துவிடலாம் என்பதைத் தவிர அந்தப் படியைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ் கதிர் புள்ளிகளாகப் பதிவாகிறது; அந்தப் புள்ளிகள் ஒவ்வோர் அலையின் வலிமையைச் சொல்லும். அதன் கட்டத்தை, அதாவது அலையின் முகடும் பள்ளமும் எங்கே விழுகின்றன என்பதை, சொல்லாது. கட்டம் இல்லாமல் எலக்ட்ரான் அடர்த்தியை வரைய முடியாது. நல்வாய்ப்பாகக் கைனேஸ்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாயலில் மடிபவை. முதல் புரதக் கைனேஸ் கட்டமைப்பு 1991இலும், இன்சுலின் ஏற்பியின் டைரோசின் கைனேஸ் டொமைன் 1994இலும் வெளிவந்துவிட்டன. தெரிந்த உறவுப் புரதத்தின் உருவைப் புதிய படிகத்தின் அலகுக்குள் திருப்பியும் நகர்த்தியும் பொருத்தி, அதிலிருந்து தொடக்கக் கட்டங்களைக் கடன் வாங்கும் முறைக்கு ராஸ்மனும் புளோவும் 1962இலேயே அடித்தளம் இட்டிருந்தார்கள். பிறகு அடர்த்திக்குள் சங்கிலியைப் பொருத்தி, திருத்தி, மீண்டும் கணக்கிடும் வேலை. தான் கட்டியதைத் தானே நம்பிவிடும் ஆபத்து இதில் எப்போதும் உண்டு. அதற்காகவே தரவின் ஒரு சிறு பங்கைத் திருத்தத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்துச் சரிபார்க்கும் முறையை 1992இல் புரூங்கர் கொண்டுவந்தார். அதற்கும் முந்தைய, இன்றும் தவிர்க்க முடியாத காவலன் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடம், ஒரு புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதை அடிப்படை வடிவியலிலிருந்தே வரையறுத்தது. உலகின் எந்த மூலையில் தீர்க்கப்பட்ட கட்டமைப்பாக இருந்தாலும் அந்த வரைபடத்தில் எத்தனை புள்ளிகள் தடைப்பகுதியில் விழுகின்றன என்று சொல்லாமல் அது புரத உருவங்களைச் சேமிக்கும் பொதுத் தரவுவங்கிக்குள் போவதில்லை.

2000ஆம் ஆண்டில் குரியனின் குழு ஏபிஎல் கைனேஸ் டொமைனின் கட்டமைப்பை, இந்த இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் என்ற மருந்தின் நெருங்கிய உறவு மூலக்கூறு ஒன்றோடு சேர்த்து வெளியிட்டது. துல்லியமாகச் சொன்னால் அது சுண்டெலியின் ஏபிஎல்; கைனேஸ் டொமைனைப் பொறுத்தவரை மனித வரிசையோடு கிட்டத்தட்ட முழுவதும் ஒன்று. மனிதப் புரதத்தோடு இமாட்டினிப் சேர்ந்த கட்டமைப்பு 2007இல் நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனத்து ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. இந்தப் படிகத்தைப் பார்த்துத்தான் இமாட்டினிப் வடிவமைக்கப்பட்டது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. மருந்து 1990களிலேயே பாசல் நகரத்து வேதியியலாளர்களால் உருவாக்கப்பட்டு, கட்டமைப்பு வெளிவந்தபோது நோயாளிகளிடம் சோதனையில் இருந்தது. 2001 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதலும் பெற்றது. படிகம் செய்தது வேறொன்று: அந்த மருந்து ஏன் இவ்வளவு தேர்ந்து ஒட்டுகிறது என்று விளக்கியது. கைனேஸ் வினை செய்யும் நிலையில் இருக்கும்போது உள்நோக்கி நிற்க வேண்டிய 381 முதல் 383 வரையிலான ஆஸ்பார்ட்டேட், ஃபினைல்அலனின், கிளைசின் மூன்றும் இங்கே வெளிநோக்கித் திரும்பியிருந்தன. அவை விலகியதால் உண்டான இடத்தில் மருந்து உட்கார்ந்திருந்தது. பாஸ்பேட் ஏறாத, வேலையற்ற ஏபிஎல்லின் உருவம் அது. வேலை செய்யும் நிலையில் கைனேஸ்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். வேலையற்ற நிலையில் அவை வேறுபடுகின்றன. 2001இல் நோயாளிகளிடம் மருந்தெதிர்ப்பு தோன்றி, 315ஆம் திரியோனின் ஐசோலூசினாக மாறியிருப்பது தெரிந்தபோது, காரணத்தைத் தேட யாரும் தொலைதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அந்தத் திரியோனின் மருந்தோடு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பில் இருப்பது அடர்த்தி வரைபடத்திலேயே தெரிந்தது. ஐசோலூசின் அந்தப் பிணைப்பையும் தராது, இடத்தையும் அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பை ஒரு மெல்லிய மும்மடிப் பிணைப்பால் தாண்டிச் செல்லும் பொனாட்டினிப் என்ற மருந்து 2012இன் இறுதியில் ஒப்புதல் பெற்றது.

இதுவரை சொன்னது வெட்டியதன் வெற்றி. வெட்டி எறிந்த பகுதியின் கதை 2003இல் வெளிவந்தது. ஹைடல்பர்கிலிருந்து ஜூலியோ சூப்பர்ட்டி-ஃபுர்காவின் குழுவும் குரியனின் குழுவும் ஒரே நேரத்தில் காட்டியது இது: ஏபிஎல்லின் நீண்ட வடிவத்தின் முனையில் மிரிஸ்டாயில் என்ற 14 கரிமக் கொழுப்பமிலத் தொடர் பொருந்தியிருக்கிறது, அந்தத் தொடர் சுற்றி வந்து கைனேஸ் டொமைனின் பெரிய கீழ்மடலில் உள்ள ஓர் ஆழமான குழிக்குள் புகுந்துகொள்கிறது. அப்படிப் புகும்போது டொமைனின் கடைசி ஹெலிக்ஸ், அதாவது சுருளாக மடிந்த பகுதி, வளைகிறது. வளைந்த இடத்தில்தான் எஸ்எச்2 வந்து அமர முடிகிறது. எஸ்எச்2உம் எஸ்எச்3உம் முதுகுப்புறமிருந்து கவ்வியதும் கைனேஸ் அடங்குகிறது. இயல்பான உயிரணுவில் ஏபிஎல்லை அடக்கி வைக்கும் பூட்டு இதுவே. குட்டை வடிவத்தில் இந்தக் கொழுப்பமிலம் பொருந்துவதில்லை. நான் முன்பு சொன்ன 19 அமினோ அமில வேறுபாடு இருப்பது இந்த முனையில்தான்.

இதில் எனக்கு இன்றும் வியப்பு அடங்காத ஒன்று உண்டு. நோயாளியின் உயிரணுவில் 9ஆம் குரோமோசோம் உடையும்போது ஏபிஎல் புரதம் இழப்பதும் இதே முனையைத்தான். அந்த இடத்தில் பிசிஆர் வந்து ஒட்டுகிறது. அதாவது, படிகம் வேண்டும் என்பதற்காக நாம் சங்கிலியின் தொடக்கத்தில் செய்த வெட்டும், நோயை உண்டாக்கிய வெட்டும் இழந்தவற்றில் பொதுவாக இருந்தது அந்தக் கொழுப்பமில முனை. கைனேஸ் டொமைனை மட்டும் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பூட்டு தெரிய வழியில்லை. பூட்டு போயிருந்தாலும் அது பொருந்திய குழி நோயுற்ற புரதத்திலும் அப்படியே இருக்கிறது. அந்தக் குழியில் ஒட்டும் துண்டு மூலக்கூறுகளை அணுக்கரு காந்த ஒத்ததிர்வு மூலம் தேடி, அவற்றை வளர்த்து, கொழுப்பமிலம் செய்த வேலையைச் செய்யும் அசிமினிப் என்ற மருந்தை நோவார்ட்டிஸ் உருவாக்கியது. 2021 அக்டோபரில் அதற்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இமாட்டினிப் உட்காரும் இடத்திலிருந்து வெகு தொலைவில் ஒட்டுவதால், அந்த இடத்து மாற்றங்கள் பலவற்றை அது பொருட்படுத்துவதில்லை.

அசிமினிப் ஒப்புதல் பெற்ற அதே 2021ஆம் ஆண்டில், அமினோ அமில வரிசையிலிருந்து புரதத்தின் உருவைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற நிரல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது; மனிதப் புரதங்கள் ஏறக்குறைய அனைத்துக்கும் கணித்த உருவங்கள் பொதுவில் கிடைக்கின்றன. வெட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்க நான் இப்போது முதலில் திறப்பது அதைத்தான். நம்பகம் குறைந்த, நூலாக அலையும் பகுதி எந்த எண்ணில் முடிகிறது, திடமான உருவம் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. முன்பு வரிசைகளை அடுக்கி ஒரு வாரம் செய்த வேலை அது. ஆனால் தேர்ந்தெடுக்க எளிதாகிவிட்டதால் யோசிக்காமல் தேர்ந்தெடுப்பதும் எளிதாகியிருக்கிறது. நூலாகத் தெரிவதையெல்லாம் பயனற்றது என்று நறுக்கும் பழக்கம் இளம் ஆய்வாளர்களிடம் வளர்வதைப் பார்க்கிறேன். ஏபிஎல்லின் அந்த முனையும் திரையில் வெறும் நூலாகத்தான் தெரிகிறது; கணிப்பு நிரல் பார்ப்பது அமினோ அமில வரிசையை மட்டுமே, அதன்மேல் உயிரணு பிறகு பொருத்தும் கொழுப்பமிலத்தை அன்று. ஆகவே எங்கள் கூடத்தில் படிகத்துக்கான குட்டைத் துண்டோடு, நறுக்காத நீண்ட துண்டு ஒன்றையும் எப்போதும் தயாரிக்கச் சொல்கிறேன். அது படிகம் தராது என்று எல்லோருக்கும் தெரியும். வினையின் வேகத்தையும் மருந்தின் பிடிப்பையும் இரண்டிலும் அளந்து, குட்டைத் துண்டு எதில் மாறுபடுகிறது என்று குறித்து வைப்பதற்காக அது.

தரவுவங்கியில் உள்ள ஏபிஎல் கட்டமைப்புகளைக் கணினிவழி மருந்துத் தேடலுக்குப் பதிவிறக்குகிறவர்களுக்கு இதே காரணத்துக்காக ஒன்று சொல்வதுண்டு. கைனேஸ் டொமைன் மட்டுமான ஆரம்பக் கட்டமைப்புகளில் கொழுப்பமிலக் குழி இருக்கிறது; ஆனால் அதன்மேல் வளைந்து மூட வேண்டிய கடைசி ஹெலிக்ஸ் நேராக நீண்டு நிற்கிறது. அந்தக் கோப்பை வைத்து அந்தக் குழிக்கு மூலக்கூறு தேடினால், கொழுப்பமிலமோ அசிமினிபோ உள்ளே இருக்கும்போது குழி கொள்ளும் உருவத்தைக் கணினி பார்க்கவே பார்க்காது. அதற்கு 2003க்குப் பிந்தைய, ஹெலிக்ஸ் வளைந்த கட்டமைப்புகளில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.